சின்னத் தொட்டியில் சண்டையில்லாத மீன்கள்: எதை எதோடு சேர்ப்பது?

புதிதாக இரண்டடித் தொட்டி வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "இதில் எத்தனை வகை மீன் விடலாம்?" என்றுதான். மூன்று என்று சொல்வேன். உடனே முகம் சுருங்கிவிடும். கடையில் பார்த்த ஏழெட்டு வகையையும் மனதில் வைத்துக்கொண்டுதான் வந்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு இரண்டு என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கில் நிரப்பிய தொட்டியைத் தூரத்தில் இருந்தே கண்டுபிடித்துவிடலாம். மூலைக்கு ஒன்றாக மீன்கள் ஒதுங்கி நிற்கும், ஒன்று மட்டும் மற்றதையெல்லாம் விரட்டிக்கொண்டிருக்கும், நடுத்தொட்டி வெறுமனே கிடக்கும்.

வகையைக் குறையுங்கள், ஒவ்வொரு வகையிலும் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். சின்னத் தொட்டியில் அமைதி பெரும்பாலும் இந்த ஒரு முடிவில்தான் இருக்கிறது. டெட்ரா, ரஸ்போரா, பார்ப், டானியோ, கோரி எல்லாமே கூட்டமாக வாழும் மீன்கள். இரண்டே இரண்டாக விட்டால், ஒன்று அதிகாரம் செய்யும், இன்னொன்று நாள் முழுக்க அடி வாங்கும். எட்டாக விட்டால் அதே விரட்டல் எட்டாகப் பிரிந்துபோகும், யாருக்கும் காயம் வராது. நிறம்கூட கூட்டத்தில்தான் ஏறும். தனியாக வெளிறிக் கிடந்த செர்ரி பார்ப் ஆண், எதிரே இன்னொரு ஆணைப் பார்த்ததும் சிவப்பேறி நிற்பதைப் பார்த்தவர்கள் அப்புறம் இரண்டு இரண்டாக வாங்க மாட்டார்கள்.

இந்தக் கட்டுரை முழுக்க 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் உள்ள தொட்டியை மனதில் வைத்துப் பேசுகிறேன். கணக்குப்படி 54 லிட்டர். மணல், கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போனால் நிஜமாக நிற்பது 45 லிட்டர் அளவுதான். உயரமான தொட்டியாக இருந்தால் இதே அளவு தண்ணீர் பிடித்தாலும் மீனுக்குப் பயன் குறைவு, ஏனென்றால் மீன் நீந்துவது நீளவாக்கில், ஆக்சிஜன் கரைவது மேற்பரப்பில். 30 லிட்டருக்கும் குறைவான தொட்டி என்றால் கூட்டுத்தொட்டி யோசனையே வேண்டாம். ஒரே வகைச் சிறு மீன், கூடவே நத்தை, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஓர் அங்குல மீனுக்கு ஒரு காலன் தண்ணீர் என்ற பழைய கணக்கைப் பலர் சொல்வார்கள். அதை நம்பி மீன் வாங்காதீர்கள். மீனின் நீளம் இரண்டு மடங்கானால் உடல் எடை ஏறக்குறைய எட்டு மடங்காகிறது. தின்பதும் கழிப்பதும் அதற்கேற்ப ஏறும். இரண்டு அங்குல மீன் ஐந்தும், பத்து அங்குல மீன் ஒன்றும் ஒருநாளும் சமமாகாது.

தண்ணீரைப் பார்த்து மீனைத் தேர்ந்தெடுங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால் உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். பி.எச். (அமிலமா காரமா என்ற அளவு) பார்க்கும் சோதனைத் திரவமும் கடினத்தன்மை (கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியத்தின் அளவு) பார்க்கும் திரவமும் போதும். குழாயில் பிடித்த உடனே பார்க்காமல், ஒரு பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுப் பாருங்கள். கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியேறிய பிறகுதான் உண்மையான பி.எச். தெரியும். டி.டி.எஸ். மீட்டர் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது கரைந்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும். அதில் கால்சியம், மெக்னீசியம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது.

கடினத்தன்மை 12 டிகிரிக்கு மேல், பி.எச். 7.5-க்கு மேல் என்றால் உங்களுடையது கப்பி, பிளாட்டி, மோலி போன்ற குட்டி போடும் மீன்களுக்கான தண்ணீர். 6 டிகிரிக்குக் கீழே, பி.எச். 7-க்குக் கீழே என்றால் டெட்ரா, ரஸ்போரா வகைகள் அதில் சொகுசாக இருக்கும். இடையில் இருந்தால் கிட்டத்தட்ட எதுவும் பழகிக்கொள்ளும். செர்ரி பார்ப், ஹார்லெக்வின் ரஸ்போரா, ஹனி குராமி, வெண்கலக் கோரி எல்லாம் அந்த இடைப்பட்ட தண்ணீரில் கவலையில்லாமல் வாழும்.

பி.எச்.-ஐ ஏற்ற ஒரு மருந்து, இறக்க ஒரு மருந்து என்று கடையில் வைத்திருப்பார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். கார்பனேட் நிறைய உள்ள தண்ணீரில் அமிலத்தை ஊற்றினால் சில மணி நேரம் இறங்கிவிட்டு, பழைய இடத்துக்கே ஏறிவிடும். சற்றுக் கூடுதலான ஆனால் நிலையான பி.எச்.-ஐ மீன் தாங்கும். தினம் ஏறி இறங்கும் தண்ணீரைத் தாங்காது. உங்கள் தண்ணீருக்கு ஏற்ற மீனை வாங்குவது எளிது, மீனுக்கு ஏற்றபடி தண்ணீரை மாற்றிக்கொண்டே இருப்பது முடிவில்லாத வேலை.

வெப்பத்தையும் இப்போதே பாருங்கள். சீப்ரா டானியோவுக்கு 18 முதல் 25 டிகிரி பிடிக்கும். குராமிக்கு 24 முதல் 28. இரண்டும் 24, 25-இல் ஒத்துப்போகும், ஆனால் ஹீட்டரை 28-இல் வைத்திருப்பவர் டானியோவை வாங்கக்கூடாது. கோடையில் தொட்டி தானாகவே 29, 30 தொடும் வீடு என்றால் பெப்பர் கோரி வேண்டாம், அது குளிர்ச்சியை விரும்பும். வெண்கலக் கோரியும் ஸ்டெர்பா கோரியும் சூட்டை அதைவிட நன்றாகத் தாங்கும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும் என்பதால் அப்படிப்பட்ட வீட்டில் மீன் எண்ணிக்கையையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், மேற்பரப்பு அசையும்படி ஏர் பம்ப் ஓடட்டும்.

தாங்கும் மீன் என்றால் என்ன?

நாள்பட்ட பழக்கம் ஒன்று இன்னும் இருக்கிறது. புதுத் தொட்டியில் முதலில் "தாங்கும் மீன்" நாலைந்தை விட்டுப் பார்ப்பது, அவை பிழைத்தால் மற்றதை வாங்குவது. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறும். தாங்கும் மீன் என்றால் பி.எச்., வெப்பம், கடினத்தன்மை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சமாளிக்கும் மீன் என்றுதான் பொருள். அமோனியா அதன் செவுளையும் எரிக்கத்தான் செய்யும். செத்துப்போகாமல் தப்பிய மீன் நலமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது, ஆயுள் பாதியாகக் குறைந்திருக்கலாம்.

அதனால் மீன் வாங்கும் முன்பே தொட்டியை ஓட்டுங்கள். ஃபில்டர் ஓடட்டும், தினம் ஒரு சிட்டிகை தீவனம் போடுங்கள். அது அழுகி அமோனியா உண்டாகும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். இரண்டும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் மணலிலும் போதுமான அளவு பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். ஏற்கெனவே நன்றாக ஓடும் நோயில்லாத தொட்டி ஒன்றில் இருந்து பழைய ஸ்பாஞ்ச் துண்டு கிடைத்தால் இந்தக் காலம் வெகுவாகக் குறையும். அமோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் கொஞ்சம் என்று சோதனையில் வந்த பிறகே கடைக்குக் கிளம்புங்கள். தண்ணீரில் குளோரின் இருந்தால் அதை நீக்கும் திரவம் கட்டாயம். சில ஊர்களில் குளோரினுக்குப் பதில் குளோரமைன் கலப்பார்கள், அது ஒரு நாள் வாளியில் வைத்தால் போகாது.

சண்டை எங்கிருந்து வருகிறது

கடைக்காரர் "இது அமைதியான மீன்" என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாமல் நீங்களே நாலு விஷயம் பாருங்கள்.

முதலில் வாய். ஒரு மீனின் வாய்க்குள் இன்னொரு மீன் நுழையும் என்றால், என்றாவது ஒருநாள் நுழைந்துவிடும். இதில் அமைதி, கோபம் என்ற பேச்சே இல்லை. ஏஞ்சல் மீன் குஞ்சாக இருக்கும்போது நியான் டெட்ராவோடு அழகாகத்தான் சுற்றும். வளர்ந்த ஏஞ்சலுக்கு நியான் இரவுச் சாப்பாடு. உயரமான பெரிய தொட்டி கேட்கும் மீன் அது, 30 செ.மீ. உயரத்தில் அதை வளர்ப்பது அதற்கும் கொடுமை.

இரண்டாவது துடுப்பு. நீண்டு தொங்கும் துடுப்பைக் கண்டால் டைகர் பார்ப், செர்பே டெட்ரா, பிளாக் ஸ்கர்ட் டெட்ரா மூன்றுக்கும் கடித்துப் பார்க்கத் தோன்றும். எண்ணிக்கை கூட்டினால் இந்தக் குணம் குறையும், ஆனால் போகாது. கப்பியும் ஃபைட்டரும் உள்ள தொட்டியில் இவற்றுக்கு இடமில்லை. ஆண் ஃபைட்டரையும் ஆண் கப்பியையும் சேர்ப்பதும் தவறு, அந்த வண்ண வாலைப் பார்த்து எதிராளி ஃபைட்டர் என்றே அது எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது வேகம். இதைத்தான் அதிகம் பேர் கவனிப்பதில்லை. டானியோ யாரையும் கடிக்காது. ஆனால் தீவனம் தண்ணீரில் விழுந்த கணத்திலேயே முழுவதையும் முடித்துவிடும். பக்கத்தில் நிற்கும் ஹனி குராமி தன் நூல் போன்ற அடித்துடுப்பால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, இது தீனிதானா என்று முடிவுசெய்து வாயைத் திறப்பதற்குள் ஒன்றும் மிஞ்சியிருக்காது. சண்டையே இல்லாமல் ஒரு மீன் பட்டினியில் இளைத்துப்போவது இப்படித்தான். வேகமானதை வேகமானதோடும் நிதானமானதை நிதானமானதோடும் சேருங்கள்.

நான்காவது இடம். சில மீன்கள் ஒரு மூலையையோ கல்லையோ தன்னுடையது என்று பிடித்துக்கொள்ளும். சிவப்பு வால் ஷார்க் இதில் பேர்போனது, சின்னத் தொட்டியில் மொத்தத் தொட்டியும் அதன் எல்லைதான். ட்வார்ஃப் குராமி ஆண்கள் இரண்டை ஒன்றாக விட்டால் ஒன்று மற்றதை ஒழித்துக்கட்டிவிடும். அந்த மீனை இரிடோ வைரஸ் என்ற குணமாகாத நோயும் அதிகம் தாக்குகிறது. குராமி வேண்டும் என்றால் ஹனி குராமி வாங்குங்கள். 5 செ.மீ. அளவு, சாந்தமான குணம், பழுத்த தேன் நிறம்.

மூன்று கூட்டணிகள்

கடினத் தண்ணீர் உள்ளவர்களுக்கு நான் சொல்வது: பிளாட்டி நான்கைந்து, வெண்கலக் கோரி ஆறு, நெரைட் நத்தை இரண்டு. பிளாட்டி மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதி மீன். எதையும் தின்னும், எப்போதும் எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கும், கண்ணாடியில் படியும் பாசியைக்கூட விடாது. கலந்து வாங்கினால் ஓர் ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெண் என்று வாங்குங்கள். ஆண் அதிகமானால் பெண்ணுக்கு ஓய்வே கிடைக்காது. ஆனால் குட்டிகளை என்ன செய்வது என்று முன்பே யோசித்துவிடுங்கள். கடையில் இருந்து வரும் பெண் பெரும்பாலும் சினையாகத்தான் வரும். ஒருமுறை சேர்ந்த விந்தைச் சேமித்து வைத்து ஆண் இல்லாமலேயே மாதக்கணக்கில் குட்டி போடும். ஏறக்குறைய மாதம் ஒரு ஈடு. குட்டி வேண்டாம் என்றால் முழுக்க ஆண் பிளாட்டியாக வாங்குங்கள். ஆணின் அடித்துடுப்பு குச்சி போலக் கூர்மையாக இருக்கும், பெண்ணுக்கு விசிறி போல விரிந்திருக்கும். மோலியும் இதே தண்ணீருக்கு ஏற்றதுதான், ஆனால் உடல் பெரிது, கழிவும் அதிகம். இந்த அளவுத் தொட்டியில் நான் சேர்க்க மாட்டேன்.

மென்மையான தண்ணீருக்கு: ஹார்லெக்வின் ரஸ்போரா எட்டு, பாண்டா கோரி ஆறு, ஹனி குராமி ஒரு ஜோடி. ஹார்லெக்வின் மலேயா தீபகற்பத்திலும் சுமத்ராவிலும் உள்ள ஓடைகளின் மீன். செம்பு நிற உடலில் கறுப்பு முக்கோணம், 4 முதல் 5 செ.மீ. வளர்ச்சி. எல்லோரும் முதலில் நியான் டெட்ராவைத்தான் கேட்பார்கள். நியான் அழகுதான், ஆனால் புதுத் தொட்டிக்கு அது ஆகாது. சில மாதம் ஓடி நிலைத்த தொட்டியில், மென்மையான தண்ணீரில் நன்றாக இருக்கும். முதல் கூட்டத்துக்கு ஹார்லெக்வின் எவ்வளவோ உறுதி. இன்னும் சிறிய மீன் வேண்டும் என்றால் எம்பர் டெட்ரா இருக்கிறது, 2 செ.மீ.தான் வளரும், பத்தாக விட்டால் செடிகளுக்கிடையில் நெருப்புப் பொறியாகத் திரியும்.

இடைப்பட்ட தண்ணீருக்கு என் மனதுக்குப் பிடித்த கூட்டணி: செர்ரி பார்ப் எட்டு, வெண்கலக் கோரி ஆறு, ஹனி குராமி ஒன்று. பார்ப் என்ற பெயரைக் கேட்டதும் டைகர் பார்ப் ஞாபகத்தில் பயந்துவிடுகிறார்கள். செர்ரி பார்ப் குணம் வேறு. இலங்கையின் தென்மேற்கு மழைக்காட்டு ஓடைகளில் மட்டுமே இயற்கையாக வாழும் மீன் அது. நிழலும் இலைச்சருகும் பிடிக்கும், வெளிச்சம் அதிகமானால் கூச்சப்படும். மூன்று ஆண், ஐந்து பெண் என்று எடுங்கள். காலையில் விளக்குப் போட்ட கொஞ்ச நேரத்தில் இரண்டு ஆண்கள் பக்கம் பக்கமாக நின்று, துடுப்பையெல்லாம் விரித்து, ஒன்றையொன்று சுற்றி வரும். நிறம் கண்முன்னே ஏறும். தொடுவதில்லை, கடிப்பதில்லை. சுற்றி முடித்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் மேயப் போய்விடும்.

ஹீட்டர் இல்லாத, கொஞ்சம் குளிர்ந்த அறை என்றால் சீப்ரா டானியோ எட்டும் பெப்பர் கோரி ஆறும் போதும், மூன்றாவது வகை வேண்டாம். 60 செ.மீ. நீளம் டானியோவுக்குக் குறைந்தபட்சம். மூடி கட்டாயம், அது துள்ளும்.

கோரியைப் பற்றித் தனியாக

மூன்று கூட்டணியிலும் கோரி வந்துவிட்டது, காரணத்தோடுதான். சின்னத் தொட்டியின் அடிப்பகுதிக்கு இதைவிட நல்ல மீன் எனக்குத் தெரியாது. ஆறாக விட்டால் ஒன்றையொன்று உரசிக்கொண்டு மணலில் வரிசையாக மேயும். மூக்கை மணலுக்குள் கண் வரைக்கும் புதைத்து, ஒரு வாய் அள்ளி, தின்பதை வைத்துக்கொண்டு மீதி மணலைச் செவுள் வழியாக வெளியே விடும். செவுளுக்குப் பின்னால் புகை மாதிரி மணல் வழிவதை அருகில் உட்கார்ந்து பாருங்கள். அவ்வப்போது கண்ணைக் கீழே உருட்டும், அப்போது கண் சிமிட்டுவது போலவே இருக்கும். திடீரென்று ஒன்று மேலே பாய்ந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே இறங்கும். குடலாலும் சுவாசிக்கும் மீன் அது, இது இயல்பு. ஆனால் எல்லாக் கோரியும் விடாமல் மேலேயும் கீழேயும் போனால் தண்ணீரில் ஏதோ கெட்டிருக்கிறது, உடனே அமோனியாவைச் சோதியுங்கள்.

அதனால் அடியில் மெல்லிய மணல் போடுங்கள். கூரான சரளைக்கல்லும் அழுக்கு தேங்கிய அடித்தளமும் சேர்ந்தால் அதன் மீசை தேய்ந்து புண்ணாகும். மீசை போனால் தீனி தேடும் வழியே போயிற்று.

இதைக் குப்பை அள்ளும் மீன் என்று நினைத்து வாங்குபவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். எந்த மீனும் மற்ற மீனின் கழிவைத் தின்று தொட்டியைச் சுத்தம் செய்வதில்லை. மேலே இருப்பவை தின்றது போக மிச்சத்தில் கோரி வயிறு நிரம்பாது. விளக்கை அணைக்கும் நேரத்தில் மூழ்கும் தீவனத்தை அதற்கென்று தனியாகப் போடுங்கள். வலையில் பிடிக்காதீர்கள், பக்கத் துடுப்பின் முள் வலையில் சிக்கிக் கிழியும். ஒரு டப்பாவை முன்னால் வைத்து மெதுவாக உள்ளே ஓட்டுங்கள்.

பாசிக்கு என்று கடையில் தரும் சக்கர் மீனை யார் எத்தனை முறை கெஞ்சிக் கேட்டாலும் இந்தத் தொட்டிக்கு வாங்காதீர்கள். விரல் அளவில் விற்கும் அந்த மீன் 30 செ.மீ.-க்கு மேல் வளரும். இடம் போதாமல் போனதும் மக்கள் அதைக் குளத்திலும் ஆற்றிலும் விட்டுவிடுகிறார்கள். உலகின் பல நாடுகளில் அது உள்ளூர் மீன்களுக்கு எமனாகிக் கிடக்கிறது. சைனீஸ் ஆல்கே ஈட்டரும் வேண்டாம். குட்டியில் பாசி தின்னும், வளர்ந்ததும் மற்ற மீனின் உடலில் ஒட்டிக்கொண்டு மேல்தோல் வழவழப்பைச் சுரண்டும். பாலா ஷார்க், கிளவுன் லோச் இரண்டும் 30 செ.மீ. எட்டும் மீன்கள். கோல்டு ஃபிஷ்ஷுக்குத் தனித்தொட்டி, அதுவும் இதைவிடப் பெரிய தொட்டி வேண்டும். சாயம் ஊசி போட்டு நிறம் ஏற்றிய கண்ணாடி மீன்களை யாரும் வாங்காமல் இருந்தால்தான் அந்த வதை நிற்கும்.

பாசிக்கு நெரைட் நத்தை போதும். கண்ணாடியை அது மேய்ந்து போன தடம் தெரியும் அளவுக்குத் தின்னும். உப்பில்லாத நன்னீரில் அதன் முட்டை பொரியாது என்பதால் பெருகாது. வெள்ளைப் புள்ளியாக முட்டை ஒட்டுவதைச் சிலர் விரும்ப மாட்டார்கள், எனக்கு அது தொந்தரவாகத் தோன்றவில்லை. மென்மையான அமிலத் தண்ணீரில் ஓடு கரையும், அங்கே நத்தை வேண்டாம். செர்ரி இறாலும் நல்ல துணைதான், குஞ்சுகளை எல்லா மீனும் தின்னும் என்பதால் ஜாவா மாஸ் என்ற செடி அடர்த்தியாக இருக்க வேண்டும். நத்தையோ இறாலோ இருந்தால் செம்பு கலந்த மருந்தை அந்தத் தொட்டியில் ஊற்றக்கூடாது.

வாங்கும்போது, விடும்போது

கடையில் நீங்கள் விரும்பும் மீனைப் பார்ப்பதற்கு முன்னால் அது இருக்கும் தொட்டியைப் பாருங்கள். ஒரு செத்த மீன் மிதந்தாலும் அந்தத் தொட்டியில் வாங்காதீர்கள். பல கடைகளில் வரிசைத் தொட்டிகளுக்கு எல்லாம் ஒரே ஃபில்டர் தண்ணீர்தான் சுற்றும், அப்படியென்றால் பக்கத்துத் தொட்டியும் கணக்கில் சேரும். துடுப்பை உடலோடு ஒட்டவைத்திருக்கும் மீன், வயிறு உள்வாங்கிய மீன், செவுள் படபடவென்று அடிக்கும் மீன், உப்பு தூவியது போலப் புள்ளி உள்ள மீன் எதுவும் வேண்டாம். கொஞ்சம் தீவனம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஓடி வந்து தின்னும் மீனைத் தேர்ந்தெடுங்கள். ஒரு கூட்டத்தை ஒரே தடவையில், ஒரே அளவில் வாங்குவது நல்லது.

வீட்டுக்கு வந்ததும் நேராகக் கூட்டுத்தொட்டியில் விடாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போட்ட ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் மூன்று, நாலு வாரம் தனியாக வைத்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளி நோய் இருந்தால் இந்தக் காலத்தில் தெரிந்துவிடும். அந்தப் புள்ளி மறைந்ததும் நோய் போய்விட்டது என்று நினைத்து மருந்தை நிறுத்துபவர்கள் பலர். புள்ளி உதிர்ந்து அடியில் விழுந்து, நூற்றுக்கணக்கில் பிரிந்து, மறுபடி மீனைத் தேடி வரும். நீந்தித் திரியும் அந்தக் கட்டத்தில்தான் மருந்து வேலை செய்யும், அதனால் மருந்துப் புட்டியில் சொன்ன காலம் முழுக்கப் போட வேண்டும்.

விடும் முறை எளிது. பையை 15, 20 நிமிடம் தண்ணீரில் மிதக்க விடுங்கள். திறந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தொட்டித் தண்ணீரை ஒரு கிண்ணம் ஊற்றுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். மீனை மட்டும் எடுத்து விடுங்கள், பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக்கூடாது. அன்று விளக்குப் போடாதீர்கள், தீனியும் வேண்டாம்.

எல்லா வகையையும் ஒரே நாளில் விடாதீர்கள். முதலில் கூட்ட மீன், இரண்டு வாரம் கழித்துக் கோரி, கடைசியாகக் குராமி. ஃபில்டரில் உள்ள பாக்டீரியா கூடுதல் கழிவுக்கு ஏற்பப் பெருக இந்த இடைவெளி வேண்டும். குராமியைக் கடைசியாக விடச் சொல்வதற்குக் காரணம், அது முதலில் வந்தால் தொட்டி முழுவதையும் தன்னிடமாக எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே ஆட்கள் இருக்கும் வீட்டுக்குக் கடைசியாக வந்தால் அடங்கி நடக்கும். குராமி மேலே வந்து காற்றை விழுங்கும் மீன், தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விடுங்கள், மேலே கொஞ்சம் மிதக்கும் செடி இருந்தால் அதற்குத் தைரியம் வரும்.

செடியும் மரத்துண்டும் அழகுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். ஒரு முனையில் நிற்கும் மீனுக்கு மறுமுனை தெரியாதபடி பார்வை தடைபட்டால் விரட்டல் பாதியில் நின்றுவிடும். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் இரண்டும் குறைந்த வெளிச்சத்திலேயே வளரும். அவற்றின் தண்டுக் கிழங்கை மணலில் புதைக்காமல் மரத்திலோ கல்லிலோ கட்டிவிடுங்கள், புதைத்தால் அழுகும்.

முதல் வாரம் தினம் கொஞ்ச நேரம் தொட்டி முன் உட்காருங்கள், முக்கியமாகத் தீனி போடும்போதும் விளக்கு அணையும்போதும். ஒன்றை ஒன்று துரத்தி, அடுத்த நிமிடமே மறந்து மேயப் போனால் பயமில்லை. ஒரே மீன் எப்போதும் ஹீட்டருக்குப் பின்னாலோ மேல் மூலையிலோ ஒண்டி நின்றால், தீனிக்கு வராமல் இருந்தால், துடுப்பு ஓரம் கிழிந்திருந்தால், பொறுத்திருந்து பார்க்காதீர்கள். அடிவாங்குவதை விட்டுவிட்டு அடிப்பதை எடுத்துத் தனித்தொட்டியில் சில நாள் வையுங்கள். அதற்குள் கல்லையும் செடியையும் இடம் மாற்றி அடுக்குங்கள். திரும்பி வரும்போது அதன் பழைய எல்லை இருக்காது.

வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீர் மாற்றினால் நைட்ரேட் கட்டுக்குள் நிற்கும். லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குள் இருந்தால் மிக நல்லது, 40-ஐத் தாண்ட விடாதீர்கள்.

காலப்போக்கில் மீன் குறையத்தான் செய்யும். எட்டு செர்ரி பார்ப் ஐந்தாகும். அப்போது இடம் காலியாக இருக்கிறதே என்று புது வகையைத் தேடிப் போகாதீர்கள். அதே செர்ரி பார்ப் மூன்றை வாங்கி, தனித்தொட்டியில் வைத்திருந்து, அந்தக் கூட்டத்தை நிரப்புங்கள். கோரி ஆறில் நான்காகிவிட்டால் இன்னும் இரண்டு கோரி. அந்த வகை உங்கள் கடையில் கிடைக்கவில்லை என்றால் கிடைக்கும் வரை காத்திருங்கள், ஐந்து மீன் உள்ள தொட்டி அதற்குள் ஒன்றும் கெட்டுவிடாது.